22 ஆயிரம் ரூபாய் ஷூ உங்களை வேகமாக ஓட வைக்குமா? கார்பன் பிளேட் ஷூ வாங்கும் முன் இதைப் படிங்க!

"மச்சி, 22 ஆயிரம். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பனிடமிருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜ் இது. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், அடியில் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி உப்பலான சோல், பின்பக்கம் வாத்து வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி ஷூ.

நண்பனுக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. ஓட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜனவரி தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானில் முதல் முறையாக ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிமீ ஓடப் பெயர் கொடுத்திருக்கிறான். இலக்கு 2 மணி நேரம். பயிற்சியில் அவன் போகும் வேகத்தைக் கணக்குப் போட்டால் 2 மணி 5 நிமிடம் வருகிறது. "அந்த 5 நிமிஷத்தை ஷூ குடுத்துடாதா?" என்பதுதான் அவன் கேள்வி.

22 ஆயிரம் என்பது அவன் தங்கியிருக்கும் பிளாட்டில் அவன் பங்குக்கான இரண்டு மாத வாடகை. அதனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

எங்கே ஆரம்பித்தது இந்தக் கதை?

2017-ம் ஆண்டு மே 6. இத்தாலியின் மோன்ஸா கார் பந்தயத் தளம். கென்ய வீரர் எலியுட் கிப்சோகே, மாரத்தான் தூரமான 42.195 கிமீ-ஐ 2 மணி நேரத்துக்குள் ஓட முயன்றார். ஏற்பாடு செய்தது நைக்கி நிறுவனம். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2:00:25. வெறும் 26 விநாடிகளில் இலக்கு தவறியது. ஆனால் உலகமே அவர் காலைத்தான் பார்த்தது. அதுவரை ரேஸ் ஷூ என்றால் மெல்லிசாக, செருப்பு மாதிரி தட்டையாக இருக்கும். கிப்சோகே போட்டிருந்ததோ தடிமனான சோல்.

அதே ஆண்டு அந்த ஷூவின் கடை வடிவம் 'வேப்பர்ஃப்ளை 4%' என்ற பெயரில் வந்தது. விலை 250 டாலர். அதன் பிறகு நடந்தது எல்லாம் வேகம்தான். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கிப்சோகே 1:59:40-ல் ஓடி முடித்தார். வேகம் காட்டும் வீரர்கள் மாறி மாறி வந்து உதவியதால் அது அதிகாரபூர்வ உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04-ல் ஓடி, பாலா ராட்கிளிஃப் 2003-ல் வைத்த 2:15:25 என்ற பெண்கள் சாதனையை முறியடித்தார்.

இன்றைக்கு அடிடாஸ், ஏசிக்ஸ், பூமா, சாக்கனி, ஹோக்கா என எல்லோரிடமும் இந்த வகை ஷூ இருக்கிறது. ஓட்டக்காரர்கள் மத்தியில் செல்லப்பெயர் 'சூப்பர் ஷூ'.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மூன்று விஷயங்கள்.

முதலாவது, ஃபோம். சாதாரண ஷூவில் இருப்பது இவிஏ எனும் ஃபோம். சூப்பர் ஷூக்களில் பெரும்பாலும் இருப்பது 'பெபா' வகை. இது எடை குறைவு, மிருது, அதே நேரம் நல்ல துள்ளல். நீங்கள் காலை ஊன்றும்போது ஃபோம் அமுங்கும், காலை எடுக்கும்போது விரியும். அமுக்கிய சக்தியில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, வேப்பர்ஃப்ளை முன்மாதிரி ஷூ 87% சக்தியைத் திருப்பித் தந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற இரண்டு ரேஸ் ஷூக்கள் தந்தது சுமார் 76%, 66%.

இரண்டாவது, கார்பன் பிளேட். ஃபோமுக்கு நடுவே புதைந்திருக்கும், கரண்டி போல வளைந்த மெல்லிய தகடு. இதை 'ஸ்பிரிங்' என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஸ்பிரிங் வேலை செய்வதில்லை. மிருதுவான ஃபோம் தாறுமாறாக வளையாமல் பிடித்துவைப்பது, கட்டைவிரல் மூட்டு அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் அதன் முக்கிய வேலை.

மூன்றாவது, வடிவம். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். ராக்கிங் சேர் மாதிரி, பாதம் ஊன்றியதும் முன்னால் உருள உதவும்.

இதில் ஹீரோ யார்? பெயரைப் பார்த்தால் கார்பன்தான் என்று தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். வேப்பர்ஃப்ளை ஷூவின் பிளேட்டில் குறுக்கே வெட்டுப்போட்டு, அதன் விறைப்பைக் குறைத்துவிட்டு ஓட்டக்காரர்களை ஓடவிட்டார்கள். வெட்டாத ஷூவுக்கும் வெட்டிய ஷூவுக்கும் இருந்த வித்தியாசம் சராசரியாக அரை சதவீதம் அளவுதான். அது தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சிறியது. ஆக, பெரும்பகுதி வேலையைச் செய்வது ஃபோமும், மற்ற பாகங்களோடு அது சேர்ந்து இயங்கும் விதமும்தான்.

இது ஏன் முக்கியம்? 'கார்பன்' என்று பெட்டியில் எழுதியிருப்பதாலேயே ஒரு ஷூ சூப்பர் ஷூ ஆகிவிடாது. சாதாரண ஃபோமுக்குள் ஒரு தகட்டைச் செருகிவிட்டு விலையை ஏற்றுபவர்களும் உண்டு. 'ஃபர்ஸ்ட் காப்பி ப்ரோ, 3 ஆயிரம்தான்' என்று இன்ஸ்டாகிராமில் வருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த '4%' யாருடைய 4%?

பெயரிலேயே இருக்கும் அந்த எண், கொலராடோ ஆய்வில் கிடைத்தது. நைக்கி நிதியுதவியுடன் நடந்த ஆய்வு அது. கலந்துகொண்டவர்கள் 18 பேர். எல்லோரும் 10 கிமீ தூரத்தை 32 நிமிடத்துக்குள் ஓடக்கூடிய ஆண்கள். மணிக்கு 14 முதல் 18 கிமீ வேகத்தில் ஓடியபோது, அவர்கள் உடல் செலவழித்த சக்தி சராசரியாக 4% குறைந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும்.

ஒன்று, 4% என்பது சக்திச் சேமிப்பு. நேரம் 4% குறையும் என்று அர்த்தம் இல்லை. பைக் மைலேஜ் மாதிரி யோசியுங்கள். மைலேஜ் கூடினால் அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் போகலாம். ஆனால் பைக்கின் டாப் ஸ்பீடு அதே விகிதத்தில் கூடிவிடாது. முன்னணி வீரர்களின் வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்வதால், நேரத்தில் கிடைக்கும் லாபம் 4 சதவீதத்தைவிடக் குறைவு.

இரண்டு, அந்த 18 பேரும் நம்மைப் போன்றவர்கள் இல்லை. என் நண்பன் ஓடுவது மணிக்கு 10 கிமீ சொச்சம். அந்த வேகத்தில் என்ன ஆகும்? 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மணிக்கு 12 கிமீ வேகத்தில் சராசரி சேமிப்பு 1.4%. மணிக்கு 10 கிமீ வேகத்தில் 0.9%. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலருக்கு லாபமே இல்லை.

சரி, அந்த 0.9% அப்படியே நேரமாக மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 2 மணி 5 நிமிடம் என்பது 7,500 விநாடிகள். அதில் 0.9% என்றால் சுமார் 67 விநாடிகள். ஒரு நிமிடம் சொச்சம். நண்பன் கேட்டது 5 நிமிடம். மீதி கிட்டத்தட்ட 4 நிமிடத்தை அவன் கால்கள்தான் சம்பாதிக்கணும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில், உலகத்தரக் கென்ய வீரர்கள் 7 பேரையும் ஐரோப்பிய அமெச்சூர் ஓட்டக்காரர்கள் 7 பேரையும் வெவ்வேறு சூப்பர் ஷூக்களில் ஓடவிட்டு, சாதாரண தட்டை ரேஸ் ஷூவோடு ஒப்பிட்டார்கள். கென்ய வீரர்களில் ஒருவருக்கு ஒரு ஷூ 11.4% லாபம் கொடுத்தது. இன்னொருவருக்கு 11.3% நஷ்டம்! உலகத்தர வீரருக்கே ஒரு குறிப்பிட்ட மாடல் சேராமல் போகலாம் என்றால், யூடியூப் ரிவ்யூவில் ஒருவர் 'பறக்குது' என்று சொன்னதை நம்பி நாம் ஆர்டர் போடுவது எப்படி?

அதனால் 'எது பெஸ்ட் ஷூ?' என்ற கேள்வியே தவறு. 'எனக்கு எது சேரும்?' என்பதுதான் சரியான கேள்வி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்

போன சீசனில் இதே தவறை நான் செய்தேன். ஒரு சீனியர் இரண்டு முறை மட்டும் போட்ட கார்பன் ஷூவைப் பாதி விலைக்குத் தந்தார். ரேஸுக்கு நான்கு நாள் முன்பு. வீட்டு ஹாலில் இரண்டு நடை நடந்து பார்த்தேன், சூப்பராக இருந்தது. நேராக ஹாஃப் மாரத்தானுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

முதல் 10 கிமீ வாழ்க்கையின் பெஸ்ட். வாட்ச்சில் தெரிந்த வேகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. 15-வது கிமீ-ல் வலது கெண்டைக்கால் பிடிக்க ஆரம்பித்தது. 17-ல் நின்றுவிட்டேன். மீதி தூரம் நடைதான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தப்பு ஷூ மேல் இல்லை. என் கால் பழகாத ஒரு பொருளை, என் கால் பழகாத ஒரு வேகத்தில் பயன்படுத்தினேன். அவ்வளவுதான்.

காயம் வருமா?

சூப்பர் ஷூ போட்டால் காயம் வந்தே தீரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கால் வேலை செய்யும் விதம் மாறுகிறது என்பது உண்மை. விரல் மூட்டு செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கு, பாதத்தின் மற்ற பகுதிகளுக்கு மாறலாம். 2023-ல் விளையாட்டு மருத்துவர்கள் ஓர் ஆய்விதழில் 5 ஓட்டக்காரர்களின் விவரங்களை வெளியிட்டார்கள். கார்பன் பிளேட் ஷூ பயன்படுத்திய அவர்களுக்குப் பாதத்தின் நடுவில் இருக்கும் 'நாவிகுலர்' எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டிருந்தது. 5 பேரை வைத்து ஷூதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அந்த மருத்துவர்கள் சொன்னதும், மெதுவாகப் பழகுங்கள் என்பதுதான்.

பாதத்தின் மேல்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால் தொட்டாலே வலிக்கிற மாதிரி வலி வந்தால் 'ரேஸ் முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் என்ன பார்க்கணும்?

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, இந்த 6 விஷயங்களைப் பாருங்கள்.

1. பொருத்தம்தான் முதல் விஷயம். கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ரேஸில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ரேஸ் ஷூக்கள் பொதுவாகவே குறுகலானவை. நம் ஊர் புழுக்கத்தில் 2 மணி நேரம் ஓடும்போது பாதம் இன்னும் வீங்கும். கடையில் 'கச்சிதம்' என்று தோன்றுவது 18-வது கிமீ-ல் நகம் கறுக்கவைக்கும்.

2. நின்று பார்க்காதீர்கள், ஓடிப் பாருங்கள். மிருதுவான, உயரமான சோல் நேராக ஓடும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் வண்டவாளம் தெரியும். கடையில் டிரெட்மில் இருந்தால் ஓடுங்கள். இல்லையென்றால் வாசலில் அனுமதி கேட்டு, சின்னதாக ஓடி ஒரு யூ-டர்ன் போடுங்கள். கணுக்கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஆடினால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை.

3. உங்கள் ஓட்ட பாணி. சிலர் வேகம் கூட்டும்போது எட்டு வைக்கும் தூரத்தை அதிகமாக்குவார்கள். சிலர் எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். ஏசிக்ஸ் நிறுவனம் 'மெட்டாஸ்பீடு' வரிசையில் முதல் வகைக்கு 'ஸ்கை', இரண்டாவது வகைக்கு 'எட்ஜ்' என்று தனித்தனியாகவே ஷூ தருகிறது. இரண்டையும் போட்டு ஓடிப் பார்த்து, எது இயல்பாக இருக்கிறதோ அதை எடுப்பது நல்லது.

4. பிளேட் வகை. எல்லாமே முழுத் தகடு இல்லை. அடிடாஸ் 'அடியோஸ் ப்ரோ'வில் தகட்டுக்குப் பதிலாக விரல் எலும்புகள் போன்ற கார்பன் கம்பிகள் இருக்கின்றன. சாக்கனி 'எண்டார்ஃபின் ஸ்பீடு' மாதிரியான ஷூக்களில் நைலான் பிளேட். அது கார்பனைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு, பயிற்சிக்கும் போடலாம். பிளேட்டே இல்லாமல் நல்ல ஃபோம் மட்டும் உள்ள ஷூக்களும் வந்துவிட்டன. முதல் முறை வாங்குபவர்களுக்கு இந்த இரண்டு வகையும் நல்ல தொடக்கம்.

5. எடை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கான சக்திச் செலவு சுமார் 1% கூடும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த கணக்கு. ஆனால் 10, 20 கிராம் வித்தியாசத்துக்காகப் பொருத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னொன்று, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓடினால் அது ஷூவுக்குள்தான் இறங்கும். நனைந்த சாக்ஸ் எடையையும் கூட்டும், கொப்புளத்தையும் கொண்டுவரும். மேல்துணி தண்ணீரை வெளியே விடுகிறதா என்று பாருங்கள்.

6. பிடிமானமும் ஆயுளும். அடியில் ரப்பர் எங்கே, எவ்வளவு இருக்கிறது? தண்ணீர் வழங்கும் இடங்களில் ரோடு எப்போதும் ஈரம், கூடவே மிதிபட்ட வாழைப்பழத் தோலும் கிடக்கும். வழுக்கினால் கார்பன் காப்பாற்றாது. பெபா ஃபோம் சில நூறு கிலோமீட்டரில் அந்த ஆரம்பத் துள்ளலை இழந்துவிடும். அதனால் தினசரிப் பயிற்சிக்கும் ஆபீஸ் பந்தாவுக்கும் இதைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஆயுளுக்கு ஓர் உச்ச உதாரணம் சொல்லவா? 2023 செப்டம்பரில் பெர்லினில் டிக்ஸ்ட் அஸெஃபா 2:11:53-ல் உலக சாதனை படைத்தபோது போட்டிருந்தது அடிடாஸ் 'அடியோஸ் ப்ரோ இவோ 1'. ஒரு ஷூவின் எடை 138 கிராம். விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் கால் பழகுவதற்கும் மட்டுமே என்று சொல்லித்தான் அதை விற்றார்கள்.

விதிகள் இருக்கா?

இருக்கு. 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு கறாராக வரம்பு போட்டது. சாலை ஓட்டத்தில் சோல் தடிமன் 40 மிமீ-ஐத் தாண்டக் கூடாது. ஒரு ஷூவில் ஒரு பிளேட்தான். கடையில் விற்பனைக்கு வந்திருக்கவும் வேண்டும் என்றது அப்போதைய விதி. விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிஸா போட்டிருந்த ஷூவின் சோல் 50 மிமீ. கோட்டைத் தொட்டு, வெற்றியைக் கொண்டாடிய பிறகு தகுதிநீக்கம் செய்யப்பட்டார். உங்கள் வயதுப் பிரிவில் பரிசுக்காக ஓடுபவராக இருந்தால், ஷூவின் சோல் தடிமனை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஸுக்கு முன் எப்படிப் பழகுவது?

குறைந்தது மூன்று, நான்கு வாரம் கொடுங்கள். முதலில் 4, 5 கிமீ மெதுவான ஓட்டம். மறுநாள் கெண்டைக்கால், குதிகால் நரம்பு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து, ரேஸ் வேகத்தில் ஒரு சின்ன பயிற்சி. கடைசியாக, நீண்ட ஓட்டம் ஒன்றின் பின்பாதியில் ரேஸ் வேகத்தில் 8 முதல் 10 கிமீ. இந்த மூன்றிலும் வலியோ கொப்புளமோ இல்லையென்றால் தைரியமாக ரேஸுக்குப் போடலாம். ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால், பழகிய பழைய ஷூதான் உங்கள் ரேஸ் ஷூ. அதில் எந்த வெட்கமும் இல்லை.

ரேஸ் அன்று இன்னொரு ஆபத்து உண்டு. அந்தத் துள்ளலில் முதல் 5 கிமீ திட்டமிட்டதைவிட வேகமாகப் போய்விடும். என்னை மாதிரி சிரிக்காதீர்கள், வாட்ச்சைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள்.

யார் வாங்கலாம், யார் தள்ளிப்போடலாம்?

வாரத்துக்கு நான்கு நாள் தவறாமல் ஓடுகிறீர்கள், சமீபத்தில் காயம் இல்லை, ஒரு குறிப்பிட்ட நேரத்தை விநாடிக் கணக்கில் துரத்துகிறீர்கள் என்றால், வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நீண்ட தூரத்தில் கால்கள் தேறுகின்றன, மறுநாள் வலி குறைவு என்று சொல்பவர்களும் நிறைய பேர். அதுவும் ஒரு லாபம்தான்.

முதல் ரேஸ், கணுக்கால் சுளுக்கு வரலாறு, பயிற்சிக்கே நல்ல ஷூ இல்லை என்ற நிலை. இதில் எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். அந்தக் காசில் நல்ல பயிற்சி ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி ஓடலாம். மீதியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கால்களின் பலத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நண்பன் என்ன செய்தான்? இருவரும் கடைக்குப் போனோம். அந்த ஆரஞ்சு ஷூவைப் போட்டு வாசலில் ஓடினான். நேராகப் போகும்போது முகமெல்லாம் சிரிப்பு. யூ-டர்னில் இடது கணுக்கால் ஆடியதை அவனே கவனித்துவிட்டான். கழற்றி வைத்துவிட்டு, பிளேட் இல்லாத ஒரு ஜோடியை ஏறக்குறைய பாதி விலைக்கு எடுத்தான். கிளம்பும்போது ஆரஞ்சு ஷூவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் மச்சி. மொதல்ல அந்த 4 நிமிஷத்தை நான் குறைக்கறேன்."

இப்போது செவ்வாய், வியாழன் காலை ஐந்து மணிக்கு அவனிடமிருந்து வரும் மெசேஜில் ஷூ படம் இருப்பதில்லை. வேகப் பயிற்சியின் ஸ்கிரீன்ஷாட்தான் வருகிறது. நேற்று வந்ததைக் கணக்குப் போட்டால் 2 மணி 3 நிமிடம்.